மாணவர்கள் நடத்தும் ஆற்றுக் கண்காணிப்புக்கும் கல்விக்கும் நிதி திரட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்று நீரைத் தாங்களே அளந்து பதிவு செய்ய விரும்பும் மாணவர் குழுக்களும், அவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களும் நிதி குறித்துக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நிதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால், எங்கும் பொருந்தக்கூடிய அடிப்படைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் ஆற்று நீரை அளப்பதற்கெல்லாம் யாராவது பணம் தருவார்களா?

தருகிறார்கள், பல பத்தாண்டுகளாகவே தந்துவருகிறார்கள். 1984-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஆன் ஆர்பர் நகரத்தில், ஹியூரான் ஆற்றில் பாய்ப்பலகை விளையாட்டில் ஈடுபட்ட பள்ளி மாணவர்கள் சிலருக்கு ஹெபடைடிஸ் ஏ நோய் கண்டது. அதையொட்டி ஹியூரான் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆற்று நீரைச் சோதிக்கத் தொடங்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் அவர்களுக்குத் துணைநின்றார். அந்த முயற்சிதான் 1989-இல் 'கிரீன்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட, பல நாட்டு ஆறுகளை இணைக்கும் சுற்றுச்சூழல் கல்வி வலையமைப்பாக வளர்ந்தது. பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் சுற்றுச்சூழலை அளந்து பதியும், நாசாவின் ஆதரவோடு 1995-இல் செயல்படத் தொடங்கிய 'குளோப்' திட்டத்திலும் நீரியல் அளவீடுகள் ஒரு பகுதியாக உள்ளன. ஆனால் அதில் சேரும் ஒவ்வொரு நாடும் தன் பள்ளிகளுக்கான செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய திட்டம் ஒன்றில் உறுப்பினராவதும் நிதி பெறுவதும் வெவ்வேறு என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

பொதுவாக நிதி வரும் வழிகள் சில: அரசின் சுற்றுச்சூழல், கல்வித் துறைகள், நீர் வழங்கும் அமைப்புகள், அறக்கட்டளைகள், பல்கலைக்கழகத் துறைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, முன்னாள் மாணவர்களின் நன்கொடை. இவர்கள் ஒவ்வொருவரும் வாங்க விரும்புவது வேறு. நீர் வழங்கும் அமைப்புக்குத் தரவு வேண்டும். கல்வித் துறைக்குக் கற்றல் வேண்டும். நிறுவனத்துக்குப் பெரும்பாலும் நல்ல பெயர் வேண்டும். ஒரே விண்ணப்பத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு யாரிடமிருந்தும் பதில் வரவில்லை என்று வருந்தும் குழுக்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

'மாணவர் தலைமையில்' என்றால் எதுவரை? ஆசிரியர் எழுதி மாணவர் கையெழுத்துப் போட்டால் போதாதா?

போதாது, விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். எந்த இடத்தில், எதை, எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது என்று முடிவெடுப்பது, கிடைத்த எண்களுக்குப் பொருள் தேடுவது, அதை ஊராருக்குச் சொல்வது ஆகிய மூன்றும் மாணவர்கள் கையில் இருந்தால் அது மாணவர் தலைமையிலான திட்டம். மாதிரியெடுத்துக் கொடுப்பது மட்டும் அவர்கள் வேலையாக இருந்தால், அது பெரியவர்களின் திட்டத்தில் மாணவர்கள் உழைப்பது. அதில் தவறில்லை; ஆனால் வேறு பெயரில் நிதி கேட்கக் கூடாது.

பணத்தைக் கையாளுதல், பாதுகாப்பு, அனுமதி, சட்டப் பொறுப்பு ஆகியவை பெரியவர்களிடமே இருக்க வேண்டும். இருப்பினும் வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்போது மாணவர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனைக்கு என்ன செலவாகிறது என்று தெரிந்த மாணவர், மாதிரியைச் சிந்தாமல் எடுப்பார்.

எதையெல்லாம் அளக்க வேண்டும்? நிதி தருபவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள்?

எதை அளப்பது என்பதைக் கருவி விற்பவரின் விலைப்பட்டியல் தீர்மானிக்கக் கூடாது. உங்கள் ஆற்றைப் பற்றி நீங்கள் கேட்கும் கேள்வி தீர்மானிக்க வேண்டும். வயல்களுக்கிடையே ஓடும் ஆற்றில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முக்கியம். வீட்டுக் கழிவுநீர் கலக்கும் இடத்தில் கரைந்த ஆக்சிஜனும், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி நுண்ணுயிரும் முக்கியம். கடலை நெருங்கும் பகுதியில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பல செய்திகளைச் சொல்லும். எல்லாவற்றையும் அளக்கப்போகிறோம் என்று எழுதும் விண்ணப்பம், எதைப் பற்றியும் யோசிக்கவில்லை என்ற எண்ணத்தையே படிப்பவரிடம் ஏற்படுத்தும். ஒரு தொடக்கப்புள்ளி வேண்டுமென்றால், ஐக்கிய நாடுகளின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நீர்த்தரத்துக்கான 6.3.2 என்ற குறியீடு ஆறுகளுக்கு அடிப்படையாகக் கொள்ளும் ஐந்தைப் பாருங்கள்: ஆக்சிஜன், மின்கடத்துதிறன், நைட்ரஜன், பாஸ்பரஸ், பிஎச் எனப்படும் அமில-காரத்தன்மை அளவு. உங்கள் அளவீடுகளை வெளியுலகத்தோடு இணைத்துக் காட்டவும் இது உதவும்.

ஒவ்வோர் அளவீட்டுக்கும் பின்னால் ஒரு தொடர்செலவு இருக்கிறது. வெப்பமானியும் கலங்கலைப் பார்க்கும் கண்ணாடிக்குழாயும் ஒருமுறை வாங்கினால் உடையும்வரை உழைக்கும். (பலரும் கேட்கும் செக்கி வட்டு, அதாவது நீரில் இறக்கி எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கும் வட்டு, 1865 முதல் பயன்பாட்டில் உள்ள நல்ல கருவிதான், ஆனால் அது ஆழமான, அமைதியான நீருக்கு உரியது. முழங்காலளவு ஓடும் ஆற்றில் வட்டு மறையுமுன் தரை வந்துவிடும்.) பிஎச் மானியின் மின்முனை தேயும், அதைச் சரிபார்க்க பிஎச் 4, 7, 10 மதிப்புள்ள கரைசல்கள் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நைட்ரேட் சோதனைப் பொருள்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. அவற்றில் சில வகைகளில் காட்மியம் இருப்பதால், சோதித்தபின் மிஞ்சும் திரவத்தைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. ஆற்றைக் காக்கும் திட்டம் ஆற்றுக்கு நஞ்சு சேர்க்கக் கூடாதென்றால், அந்தக் கழிவை அப்புறப்படுத்தும் செலவையும் எழுத வேண்டும். ஈ.கோலி சோதனைக்கு மாதிரியைக் குளிர்நிலையில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்விடம் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ ஒருநாள் அடைகாப்புக் கருவியில் வைக்க வேண்டும்.

பணம் மிகக் குறைவாக இருந்தால் உயிரினங்களிலிருந்து தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான 'மினிசாஸ்' முறைக்கு ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு படவிளக்கத் தாள் போதும். கல்லடியிலும் நீர்ச்செடிகளிலும் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களை 13 குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் மாசை எவ்வளவு தாங்கும் என்பதற்கேற்ப மதிப்பெண் இட்டு, கண்ட குழுக்களின் சராசரியை எடுப்பார்கள். வேதிச்சோதனை அந்த நொடியின் நீரைச் சொல்லும். வாரக்கணக்கில் அதே இடத்தில் வாழ்ந்த பூச்சியின் இளம்புழு, கடந்துபோன வாரங்களையும் சேர்த்துச் சொல்லும்.

மொத்தத்தில் எவ்வளவு கேட்க வேண்டும்?

தொகையிலிருந்து தொடங்காமல், ஓர் அளவீட்டு நாளிலிருந்து தொடங்குங்கள். 5 இடங்களில் மாதத்துக்கு ஒருமுறை அளப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 60 மாதிரிகள். பத்துக்கு ஒன்று வீதம் இரட்டை மாதிரி, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க அதே இடத்தில் அதே நேரத்தில் இன்னொன்று, எடுத்தால் 6 கூடும். பயிற்சிக்கும் பிழையானவற்றைத் திரும்பச் செய்வதற்கும் இன்னும் சில. ஆக, 50 சோதனைக்கான ஒரு பெட்டி போதாது, இரண்டு வேண்டும். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கிட்டு, அதோடு போக்குவரத்து, பாதுகாப்புப் பொருள்கள், உங்கள் முடிவை ஆய்வகத்தில் ஒப்புநோக்கும் கட்டணம், தரவைப் பதிவிட்டுப் பராமரிக்கும் செலவு, ஒருங்கிணைப்பாளரின் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஓராண்டுச் செலவு கிடைக்கும்; அதை 12-ஆல் வகுத்தால் ஓர் அளவீட்டு நாளின் உண்மையான செலவு தெரியும்.

பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுவது ஒருங்கிணைப்பாளரின் நேரத்தை. யாரோ ஒருவர் வாகனம் ஏற்பாடு செய்கிறார், பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குகிறார், தீர்ந்துபோன கரைசலை வரவழைக்கிறார், எண்களைச் சரிபார்க்கிறார். அவர் அதை அன்பினால் செய்கிறார் என்பதற்காக அந்த வேலை செலவில்லாதது ஆகிவிடாது. அவர் மாற்றலாகிப் போகும் நாளில் திட்டமும் அவரோடு போய்விடும். ஆகவே அந்த வரியைக் கூச்சமில்லாமல் எழுதுங்கள்.

கருவி வாங்க மட்டும் பணம் தருவோம் என்கிறார்கள். கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?

இந்தத் தொகுப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். நிதி தருபவர்களுக்குக் கருவி பிடிக்கும்; அதைப் படம் எடுக்கலாம், அதன்மேல் பெயர் ஒட்டலாம், கணக்கில் ஒரே பற்றுச்சீட்டில் முடித்துவிடலாம். ஆனால் ஆற்றுக் கண்காணிப்பின் மதிப்பு தொடர்ச்சியில் இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே முறையில், மழைக்காலமும் வறள்காலமும் மாறிமாறி வர, ஆண்டுக்கணக்கில் எடுத்த எண்களுக்குத்தான் பொருள் உண்டு. கரைசல் தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பலவற்றை ஒருசேர அளக்கும் விலையுயர்ந்த மானியைவிட, மாதந்தோறும் தவறாமல் ஆற்றில் இறங்கும் எளிய வெப்பமானி பயனுள்ளது.

எனவே முதலில் பேரம் பேசிப் பாருங்கள். 'கருவியின் விலையில் ஒரு பகுதிக்குக் குறைந்த வகைக் கருவி வாங்கிக்கொள்கிறோம். மீதியை இரண்டாண்டுக்கான கரைசல், மின்முனை, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு அனுமதியுங்கள்' என்று எழுதிக் கேட்டால் ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. ஒப்பாவிட்டால், தொடர்செலவுக்கு வேறொரு வழி உறுதியாகத் தெரியும்வரை பெறாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. இதை ஏற்காதவர்கள் பலர். கருவி வந்துவிட்டால் மற்றது தானாக வரும் என்பார்கள். வராமல் போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பதிவு பெற்ற அமைப்பு இல்லை, வெறும் மாணவர் மன்றம்தான். எங்கள் பெயரில் நிதி வாங்க முடியுமா?

சிறு தொகைகளைச் சிலர் மன்றத்தின் பெயரிலேயே தருவார்கள். மற்றபடி, உங்களுக்காகப் பணத்தைப் பெற்றுக் கணக்கு வைக்கும் தாய் அமைப்பு ஒன்று வேண்டும். பள்ளி, கல்லூரி, பெற்றோர் ஆசிரியர் கழகம், உள்ளூர் அறக்கட்டளை என எதுவாகவும் அது இருக்கலாம். அது நிர்வாகச் செலவாக ஒரு விழுக்காட்டை எடுத்துக்கொள்வது வழக்கம். எத்தனை விழுக்காடு என்பதை விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வந்தபின் செலவுக்கு ஒப்புதல் தருவது யார், எத்தனை நாளில் தர வேண்டும், மன்றம் கலைந்தால் கருவிகள் யாருக்கு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுவது அவசியம். நல்லுறவு இருக்கும்போது எழுதாத ஒப்பந்தத்தை, மனத்தாங்கல் வந்தபின் எழுத முடியாது.

இணைநிதி காட்டச் சொல்கிறார்கள். எங்களிடம் ஒரு காசுகூட இல்லையே?

இணைநிதி என்பது நிதியாளர் தரும் தொகையோடு நீங்கள் சேர்த்துக் காட்ட வேண்டிய உங்கள் பங்கு. அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிதி அறிவிப்பில் தடை சொல்லாதவரை, தன்னார்வலர்களின் நேரம், பள்ளி இலவசமாகத் தரும் ஆய்வக இடம், பல்கலைக்கழகம் கட்டணமின்றிச் செய்துதரும் சோதனை, இரவலாகக் கிடைக்கும் வாகனம் ஆகியவற்றை மதிப்பிட்டுக் காட்டலாம். மதிப்பிட்ட முறையை எழுதுங்கள். வருகைப் பதிவேட்டை வைத்திருங்கள். கணக்குத் தணிக்கையில் கேட்கப்படுவது அந்தப் பதிவேடுதான். ஒரே தன்னார்வ நேரத்தை இரண்டு நிதியாளர்களிடம் இணைநிதியாகக் காட்டுவது முறையல்ல.

விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் விளைவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஆறு சுத்தமாகிவிடும் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அளப்பதனால் ஆறு சுத்தமாகாது. அளந்ததைக் கொண்டு யாராவது ஏதாவது செய்தால்தான் ஆகும். உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பவற்றை விளைவாகச் சொல்லுங்கள். ஓராண்டு முடிவில் 5 இடங்களுக்கான இடைவெளியற்ற தரவு இருக்கும். இத்தனை மாணவர்கள் தனியாக மாதிரியெடுத்துச் சோதிக்கும் தேர்ச்சி பெற்றிருப்பார்கள். முடிவுகள் இன்னின்ன அமைப்புகளிடம் எழுத்துமூலம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்பது செயலின் அளவு. வந்தவர்கள் என்ன செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பதே விளைவு. கூட்டம் நடந்ததை விளைவாகக் காட்டும் விண்ணப்பங்களே மிகுதி என்பதால், இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதுபவர் தனித்துத் தெரிவார்.

மாணவர்கள் எடுத்த அளவை யார் நம்புவார்கள்?

எடுத்தவர் வயதைப் பார்த்து நம்புவதில்லை. எடுத்த முறையைப் பார்த்து நம்புகிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் நிதியில் தரவு திரட்டுபவர்களிடம், தரத்தை எப்படி உறுதிசெய்வார்கள் என்ற திட்டத்தை முன்கூட்டியே எழுதிக் கேட்கிறது. பெறுபவர் மாணவர் குழுவாக இருந்தாலும் அதே கேள்விதான். அப்படிப்பட்ட ஒரு திட்டத்தை, யாரும் கேட்காவிட்டாலும், சில பக்கங்களில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள். அளவீட்டு நாளன்று கருவியைச் சரிபார்த்த குறிப்பு, இரட்டை மாதிரிகளின் ஒப்பீடு, ஆண்டுக்கு ஓரிரு முறை அதே மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலும் கொடுத்து ஒப்பிட்ட முடிவு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான ஐயங்கள் அடங்கும்.

சூழ்நிலைக் குறிப்புகளும் எண்ணுக்கு நிகராக முக்கியம். கடல்மட்ட உயரத்தில், 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏறத்தாழ 7.6 ஆகக் குறையும். 30 டிகிரி நீரில் ஒரு மாணவர் 12 என்று எழுதிவந்தால் கருவி பிழையாக இருக்கலாம். அல்லது பாசி மண்டிய நீரில் நண்பகல் கடந்து அளந்திருக்கலாம், ஏனெனில் ஒளிச்சேர்க்கையால் பகலில் ஆக்சிஜன் ஏறி, விடியலுக்கு முன் மிகவும் இறங்கும். நேரமும் வெப்பநிலையும் வானிலையும் குறித்திருந்தால் எது நடந்தது என்று தேடிப் பார்க்கலாம். குறிக்காவிட்டால் அந்த எண்ணைத் தள்ளிவிட வேண்டியதுதான். ஐயம் தீராத வேளையில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888-இல் வேதியியலாளர் விங்க்லர் வகுத்த முறையில் சோதித்து மானியை ஒப்பிடலாம். அதற்கான பொருள்களையும் வரவுசெலவில் சேருங்கள்.

கண்காணிப்புக்கு ஒரு விண்ணப்பம், கல்விக்கு ஒரு விண்ணப்பம் என்று பிரித்துப் போடலாமா?

போடலாம், ஆனால் ஒரே செலவை இரண்டிலும் காட்டாதீர்கள். கல்விக்கான நிதியில் பயிற்சி, பாடப்பொருள், களப்பயணம், பெற்றோருக்கும் ஊராருக்குமான கூட்டங்கள் அடங்கும். கண்காணிப்புக்கான நிதியில் சோதனைப் பொருள்கள், ஒப்புநோக்கும் ஆய்வு, தரவுப் பராமரிப்பு அடங்கும். போக்குவரத்து இரண்டுக்கும் பொதுவானது என்பதால் அதை எந்த விகிதத்தில் பிரித்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

அதே வேளையில், இரண்டையும் முற்றிலும் துண்டித்துவிட்டால் திட்டத்தின் உயிர் போய்விடும். 1977-இல் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் நடந்த சுற்றுச்சூழல் கல்வி மாநாடு விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்து நோக்கங்களை வகுத்தது. வகுப்பறை உரை முதல் இரண்டைத் தொடலாம். தன் கையால் அளந்து, தன் ஊர் ஆற்றுக்காக ஓர் அலுவலகத்தின் கதவைத் தட்டும்போதுதான் கடைசி இரண்டும் கைகூடும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா 2002-இல் தொடங்கிய 'பீ-வெட்' என்ற நீர்ப்படுகைக் கல்வி நிதித்திட்டமும் களஅனுபவத்தை மையமாகக் கொண்டே அமைந்தது.

மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கலாமா? தன்னார்வமாகச் செய்வதுதானே அழகு?

எல்லா மாணவரும் ஓய்வுநாளைத் தானமாகத் தரக்கூடிய நிலையில் இல்லை. விடுமுறையில் வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் தர வேண்டிய மாணவர், உதவித்தொகை இல்லாத திட்டத்தில் சேர மாட்டார். விளைவாக ஆற்றங்கரையிலேயே வாழும் பிள்ளைகள் விடுபட்டு, வசதியுள்ளவர்கள் மட்டும் ஆற்றை அளக்கும் நிலை வரும். ஆகவே வயது, தொழிலாளர் சட்டம், பள்ளி விதி ஆகியவை இடம்கொடுத்தால் தரலாம். அவை தடுத்தால் பயணச்செலவு, உணவு, காலணி, மழையுடை ஆகியவற்றைத் திட்டமே ஏற்கட்டும். குறைந்தபட்சம், பங்கேற்பதற்காக எந்தக் குடும்பமும் கைப்பணம் போட வேண்டியிராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமா?

கட்டாயம். உயிர்காப்புச் சட்டை, எறிகயிறு, கையுறை, முதலுதவிப் பெட்டி, மாணவர் எண்ணிக்கைக்குத் தகுந்த பெரியவர்கள், விபத்துக் காப்பீடு ஆகியவை முதல் வரிகளாக வர வேண்டும். மாசுபட்ட நீரிலிருந்து எலிக்காய்ச்சல் போன்ற தொற்றுகள் ஏற்படலாம் என்பதால், உடலில் காயமுள்ளவர் நீரில் இறங்கக் கூடாது. வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் அளவீடு விடுபட்டால் விடுபடட்டும். 'நீர்மட்டம் உயர்வு, அளக்கவில்லை' என்று எழுதுவதும் ஒரு பதிவுதான். பாலத்திலிருந்து வாளியால் மாதிரியெடுக்கும் முறையைத் தேர்ந்தால் ஆபத்தும் செலவும் ஒருசேரக் குறையும்.

ஆற்றில் கழிவு விடும் தொழிற்சாலையே எங்களுக்கு நிதி தர முன்வருகிறது. வாங்கலாமா?

நேரடியான விடை இல்லை என்றாலும் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அளக்கும் இடம் அந்தத் தொழிற்சாலையின் வெளியேற்றுக் குழாய்க்கு மேலும் கீழும் அமைந்திருந்தால், கண்காணிப்புக்கு அவர்கள் பணத்தை வாங்காதீர்கள். முடிவு நல்லதாக வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்; மோசமாக வந்தால் அதை வெளியிட உங்கள் கையே தயங்கும். அவர்கள் எந்த அழுத்தமும் தராவிட்டாலும்கூட இதுதான் நடக்கும்.

பலர் சேர்ந்து பணம் போடும் பொதுநிதி ஒன்றுக்கு அவர்கள் பங்களித்து, அதை வேறொரு நடுநிலை அமைப்பு நிர்வகித்தால் நிலைமை வேறு. அப்போதும் இடத்தேர்வு, நாள்தேர்வு, வெளியீடு ஆகியவற்றில் நிதி தருபவருக்குப் பங்கில்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது ஒவ்வோர் அறிக்கையிலும் அச்சாக வேண்டும். கல்விப் பகுதிக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறோம் என்பவர்கள், அறிவிப்புப் பலகையில் நிறுவனத்தின் சின்னம் ஏறும்போது ஊரார் அந்த வேறுபாட்டைப் பார்ப்பார்களா என்று யோசிக்கட்டும்.

முடிவுகளை வெளியிடும் முன் தங்களிடம் காட்ட வேண்டும் என்று நிதியாளர் நிபந்தனை போடுகிறார். ஏற்கலாமா?

காட்டுவதும் ஒப்புதல் பெறுவதும் ஒன்றல்ல. வெளியிடுவதற்குச் சில நாள் முன்பு ஒரு படி அனுப்பி, எண்பிழை இருந்தால் சுட்டிக்காட்டச் சொல்வது மரியாதை. வெளியிடலாமா கூடாதா என்பதை அவர் தீர்மானிப்பது கருத்துத் தணிக்கை. ஒப்பந்தத்தில் 'ஒப்புதல்' என்ற சொல் இருந்தால் அதை 'தகவலுக்கு' என்று மாற்றச் சொல்லுங்கள். தரவு குழுவுக்கும் தாய் அமைப்புக்கும் சொந்தம், பொதுமக்களுக்குத் திறந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். மாணவர்களின் பெயர், படம், தொடர்பு விவரம் ஆகியவை மட்டும் திறந்த தரவில் சேராது.

திடீரென்று மிக மோசமான எண் வந்துவிட்டது. உடனே வெளியிட்டு ஊரைத் திரட்டலாமா?

முதலில் திரும்ப அளக்க வேண்டும். மாணவர்களின் அளவை யார் நம்புவார்கள் என்ற கேள்விக்குச் சொன்ன சோதனைகளை எல்லாம் செய்துபாருங்கள். முடிந்தால் அதே நாளில் எடுத்த இன்னொரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உறுதியானால் பொறுப்புள்ள அரசு அமைப்புக்கு எழுத்துமூலம் தெரிவித்து, நியாயமான காலம் கொடுத்து, பின் வெளியிடுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு: மக்கள் குளிக்கும், நீர் மொள்ளும் இடத்தில் உடல்நலக் கேடு ஏற்படலாம் என்று தெரிந்தாலோ மீன்கள் செத்து மிதந்தாலோ காத்திருக்கக் கூடாது. உறுதிசெய்யப்படாத முதல்நிலை முடிவு என்று தெளிவாகக் குறிப்பிட்டு, அன்றே சுகாதார அமைப்புக்கும் தாய் அமைப்புக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்படி ஒரு நாள் வரும் என்று வரவுசெலவிலேயே எதிர்பார்த்திருக்க வேண்டும். அவசரமாக ஆய்வகத்தில் கொடுக்கக் கட்டணம், ஒரு கூடுதல் பயணம், சட்ட ஆலோசனைக்குச் சிறு தொகை ஆகியவை 'எதிர்பாராச் செலவு' என்ற வரியில் இருக்கட்டும். அந்த எண்ணைக் கண்டுபிடித்த மாணவரைத் தனியாக முன்னிறுத்தாதீர்கள். அறிக்கை குழுவின் பெயரில் போகட்டும்.

பயிற்சி பெற்ற மாணவர்கள் படிப்பு முடிந்து போய்விடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்க நிதியாளர் சம்மதிப்பாரா?

முதலிலிருந்து தொடங்கும்படி திட்டம் இருந்தால் சம்மதிக்க மாட்டார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்றுக்கொடுப்பதையே திட்டத்தின் நடுவில் வையுங்கள். ஒவ்வோர் அளவீட்டு இடத்திலும் அனுபவமுள்ள ஒருவரும் புதியவர் ஒருவரும் சேர்ந்தே போகட்டும். செய்முறைக் கையேட்டை மாணவர்களே எழுதி, ஆண்டுதோறும் திருத்தட்டும். தேர்வுக்காலத்திலும் நீண்ட விடுமுறையிலும் அளப்பது யார் என்பதை முன்பே பேசிவைக்க வேண்டும். பெரும்பாலான தரவு இடைவெளிகள் அங்கேதான் விழுகின்றன. ஆறு தேர்வு அட்டவணை பார்த்து ஓடுவதில்லை. முன்னாள் மாணவர்களுக்கோ உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கோ அந்த வாரங்களுக்கான பயணச்செலவு ஒதுக்கினால் போதும்.

நிதி தரும் காலம் முடிந்தபின் என்ன செய்வது?

முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது. ஓர் அளவீட்டு நாளின் செலவு உங்களுக்கு இப்போது தெரியும் என்பதால், 'ஒரு மாத அளவீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று முன்னாள் மாணவர்களிடமும் சிறு அமைப்புகளிடமும் கேட்கலாம். உங்கள் தரவைப் பயன்படுத்தும் பல்கலைக்கழகமோ நீர் வழங்கும் அமைப்போ இருந்தால், ஒப்புநோக்கும் சோதனையை அவர்கள் ஏற்குமாறு எழுத்தில் பெறுங்கள். பள்ளியின் ஆய்வகச் செலவில் ஒரு பகுதியாகக் கரைசல்கள் சேர்ந்துவிட்டால் அதுவே பெரிய வெற்றி.

இவை எதுவும் கைகூடாவிட்டால் நிறுத்தாதீர்கள், சுருக்குங்கள். 5 இடங்கள் 2 ஆகட்டும். வேதிச்சோதனைகள் விடுபட்டு வெப்பநிலை, கலங்கல், சிற்றுயிர்க் கணக்கெடுப்பு மட்டும் மிஞ்சட்டும். எந்த இரண்டு இடங்களை வைத்துக்கொள்வது என்று மாணவர்களே விவாதித்து முடிவெடுப்பது, அவர்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று.

மூன்று ஆண்டு அளந்தோம், எண்களில் ஒரு மாற்றமும் இல்லை. இனி எந்த முகத்தோடு நிதி கேட்பது?

மாறவில்லை என்பதும் ஒரு முடிவு. மழை கூடிய ஆண்டும் குறைந்த ஆண்டும் இந்த மூன்றுக்குள் வந்திருந்தால், உங்கள் ஆறு இயல்பாக எந்த எல்லைக்குள் ஏறி இறங்குகிறது என்பது தெரிந்திருக்கும். நாளை மேற்புறத்தில் ஓர் அணையோ குடியிருப்போ தொழிற்சாலையோ வந்தால், 'முன்பு எப்படி இருந்தது' என்ற கேள்விக்கு விடை உங்களிடம் இருக்கும். அப்போது பணம் கொட்டினாலும் கடந்துபோன ஆண்டுகளை யாராலும் அளக்க முடியாது. இதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதலாம்.

ஆனால் அதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மாற்றம் இல்லையா, அல்லது மாற்றம் தெரியாத நேரத்திலும் இடத்திலும் அளக்கிறீர்களா? எப்போதும் வெயில் நாளில், எப்போதும் முற்பகலில் சென்றிருந்தால், முதல் மழையில் அடித்துவரும் மாசையும் விடியற்காலத்து ஆக்சிஜன் வீழ்ச்சியையும் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்படியானால் அடுத்த விண்ணப்பத்தில் வழக்கமான மாத அளவீட்டை அப்படியே தொடர்ந்து, மழை தொடங்கிய நாளில் இருமுறை, விடியலில் இருமுறை என்று சில அளவீடுகளை மட்டும் கூடுதலாகக் கேளுங்கள். விடியற்கால அளவீட்டுக்கு மாணவர்களை இருட்டில் ஆற்றுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தானாகப் பதியும் கருவியை வாடகைக்கு எடுத்து முதல்நாள் மாலை வைத்துவிட்டு மறுநாள் வெளிச்சத்தில் எடுங்கள்.